இரண்டு ப்ரான்ஸர்களும் வித்யாதியின் இடது கன்னமும்

1

இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஹம்சினியின் மேக்கப் தட்டை சானிடைசர் நனைத்த பஞ்சால் துடைத்தேன். தட்டு பளபளவென்று ஆனது. குழிகளுக்குக் கீழே அவள் மார்க்கரால் எழுதி வைத்திருந்த பெயர்களும் அதோடு போயின.

ஹம்சினி கொல்கத்தாவில், டாக்குரியாவில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டின் முன்னறையில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறாள். எந்தக் கிரீமையும் அதன் சொந்த டப்பாவில் வைத்துக்கொள்ள மாட்டாள். சுரண்டி எடுத்துத் தட்டின் குழிகளில் நிரப்பிவிடுவாள். டப்பா கண்ணில் பட்டால் பெண்ணின் மாமிகள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கம்பெனிப் பெயரைத்தான் படிப்பார்கள் என்பது அவள் கட்சி. அன்று தட்டில் இரண்டு ப்ரான்ஸர்கள் இருந்தன. ஒன்று அவள் தங்கை துபாயிலிருந்து கொண்டுவந்த உயர்ந்த சரக்கு. மற்றது கரியாஹாட் நடைபாதைக் கடையில் வாங்கியது. இரண்டும் பழுப்பு.

(ப்ரான்ஸர் என்றால் என்ன என்று கேட்கும் ஆண்களுக்கு: வெயில் பட்டு முகம் லேசாகக் கறுத்தாற்போலக் காட்டும் கிரீம். குடையில்லாமல் தெருவில் கால் வைக்காத ஊரில் வெயிலை டப்பாவில் வாங்குகிறார்கள். நான் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை.)

2

முதல் தொடக்கம்: "கொல்கத்தாவின் ஈரக்காற்றில் அவள் முகம் ஒரு –"

வேண்டாம். இந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: "வித்யாலக்ஷ்மிக்கு நாற்பத்தாறு வயதில் கல்யாணம்." இது உண்மை. வைத்துக்கொள்கிறேன். அவள் எங்களுக்கு மேல் மாடி. தமிழ்க் குடும்பம்தான், ஆனாலும் அக்காவை 'தி' சேர்த்துக் கூப்பிடும் இந்த ஊர் வழக்கப்படி எங்களுக்கு வித்யாதி. ஜாதவ்பூர்க் கிளையில் வங்கி அதிகாரி. மாப்பிள்ளை பெயர் மது, ஒரு நூலகத்தில் வேலை. நான் தட்டைத் துடைத்ததற்கு மறுநாள் அலிப்பூரில் பதிவுத் திருமணம், சாட்சிகள் மூன்று பேரில் நான் ஒருவன்.

வித்யாதியின் இடது கன்னத்தில், காதோரத்திலிருந்து தாடை வரை, நிறம் கிடையாது. அதற்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பழைய பெயரை நான் எழுத மாட்டேன். தொற்றாது, வலிக்காது, வெறும் வெண்மை. அன்று வரை பன்னிரண்டு வருஷமாக அதை மூடாமல் அவள் படியிறங்கியதில்லை. மதுவுக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன், சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள்.

[அவளைக் கோழை என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். சட்டையில் குழம்புக் கறை பட்ட அன்று ஆபீசுக்கே போகாத ஆசாமி நான். அடித்துவிட்டேன்.]

3

தட்டைப் பார்த்து ஹம்சினி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எதாலே துடைச்சேள்?"

"சானிடைசர்."

"நாளைக்கு வித்யாதிக்கு எதைப் போடறது? மூடற கிரீம் மட்டும் போட்டா சுவத்துக்கு டிஸ்டெம்பர் அடிச்சாப்ல இருக்கும். மேலே இதைத் தடவினாத்தான் அது தோல்."

தொட்டாள், முகர்ந்தாள். ஒன்று விரலில் பட்டதும் வெண்ணெயாக இளகியது. மற்றது புறங்கையில் தேய்த்துச் சூடாக்கினால்தான் வழிக்கு வந்தது. வனிலா வாசனை வேறு. எது துபாய், எது கரியாஹாட் என்று அவளாலும் அறுதியிட முடியவில்லை. நம் ஊர் வேர்வையில் எது நிற்கும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முகத்தில் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. மேலே போன் போட்டு வித்யாதியை வரச் சொன்னாள்.

4

வித்யாதி மூடாத முகத்தோடு வந்தாள். நான் அப்படிப் பார்ப்பது அதுவே முதல் முறை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாரு ஷ்யாம், கடிக்காது," என்றாள்.

பார்த்தேன்.

இந்த இடத்தில் "ஒரு நாட்டின் வரைபடம்போல" என்று ஓர் உவமை இருந்தது, எடுத்துவிட்டேன். அது எதைப்போலவும் இல்லை. வெண்மையின் ஓரத்தில் குருணை குருணையாகப் பழுப்புப் புள்ளிகள் நின்றன. அந்தப் பழுப்பை உருவாக்க மறுபக்கம் எத்தனை நிறம் தேவைப்படுகிறது என்று அன்றுதான் கண்டேன். பழுப்பு ஒரே நிறம் என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். கண்ணுக்குக் கீழே ஊதா ஓடியது. மூக்கோரம் செம்மண். நெற்றியில் தேன், தாடைக்கடியில் புளி. ஹம்சினி இரு கன்னத்திலும் மூடுகிற கிரீமைப் பூசி, அதன்மேல் இடப்பக்கம் இளகியதையும் வலப்பக்கம் இறுகியதையும் வைத்து, இவை ஒவ்வொன்றையும் இருந்த இடத்தில் திரும்பக் கொண்டுவந்தாள். பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறேன். இவள் விரலுக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியாது. மலைத்துப்போய்விட்டேன், வேறு சொல் இல்லை.

5

மின்விசிறியை நிறுத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். வலப்பக்கம் அசையவில்லை. இடப்பக்கம் தாடையோரத்தில் பிரிந்து, நூல்போல வெள்ளை எட்டிப் பார்த்தது.*

"இதைத் துடைச்சிட்டு அதையே போட்டுடறேன்," என்று ஹம்சினி இடது கன்னத்தை முழுவதும் துடைத்தாள். வாசல் மணி அடித்தது.

கதவுக் கண்ணில் பார்த்தேன். மது. சாட்சியின் ஆதார் நகலைக் காலையிலேயே கொடுத்திருக்க வேண்டியவன் நான், மறந்துவிட்டேன். வாங்கிப்போக வந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் ஹம்சினி ஸ்பஞ்சை எடுத்தாள். "ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லுங்கோ. மூடிடறேன்."

வித்யாதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணாடியில் ஒரு பக்கத்தைப் பார்த்தாள், மறு பக்கத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு நீ இருக்கே ஹம்சினி. நாளன்னிக்குக் காலம்பற எழுந்துக்கறச்சே?"

ஹம்சினி ஸ்பஞ்சைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"ஷ்யாம், கதவைத் திற."

* எது நின்றது என்று கேட்பவர்களுக்கு: பிறகு கரியாஹாட்டில் இன்னொன்று வாங்கி முகர்ந்தோம். வனிலா. நின்றது அதுதான். ஆனால் துபாய்ச் சரக்கு நின்ற வரையில் தோலோடு தோலாக இருந்தது, அந்த அழகு மற்றதற்கு இல்லை. இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

6

முடிவுகள்:

(அ) மது பேசாமல் வந்து அவள் கன்னத்தைத் தொடுகிறார். சினிமா.

(ஆ) நகலை வாங்கிக்கொண்டு போகிறார். மறுநாள் அலிப்பூரில் நாங்கள் நான்கு பேர் –

(இ) உண்மையில் நடந்தது. நான்கு வரி. எழுதியிருந்தேன். யாரைப் பற்றி எழுதினாலும் அவர்களிடம் காட்டிவிடுவது என் வழக்கம். வித்யாதி முழுக்கப் படித்தாள். உவமையை எடுத்ததற்குத் தலையாட்டினாள். கடைசி நான்கு வரியை மட்டும், வங்கியில் தப்பான படிவத்தை அடிப்பதுபோல, குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

"என் மூஞ்சியை எல்லாரும் பார்த்துடுவாளோன்னு பன்னிரண்டு வருஷம் பயந்தேன். இனிமே பார்க்கட்டும், எழுதிக்கோ. ஆனா மது சொன்னது எனக்குச் சொன்னது."

ஆகவே என்னால் முடியாது. மதுவின் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். மாடிப்படி ஏறி வந்த வேர்வை கழுத்தில் வழிகிறது. கையில் ஒரு காலி உறை. கதவைத் திறந்துவிட்டு நான் ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறேன். நேர் எதிரே அவள் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்.