பின்னறைக்கு வைஃபை

மூன்று மணிக்கு நேர்காணல். வைஃபையைத் தூரம் எட்டவைக்கும் எக்ஸ்டெண்டரின் பெட்டியை மலர் பிரித்தபோது மணி ஒன்றரை ஆகியிருந்தது.

கிள்ளான் நகரில் அவளும் கணவனும் இருந்தது நீளமான வரிசை வீடு. ரவுட்டர் முன் ஹாலில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து பேசலாம் என்றால், பக்கத்து வீட்டில் காலையிலிருந்து தரை ஓடு உடைக்கிறார்கள். சுவரே அதிர்ந்தது. பின்னறை அமைதியானது, ஆனால் அங்கே வைஃபை சரியாக எட்டாது. பதினெட்டு வருடம் ஒரு கம்பெனியில் சரக்கு லோரிகளை அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தவள், அது மூடியதும் வீட்டுக்கு வந்துவிட்டாள். எட்டு மாதத்தில் அவளைக் கூப்பிட்டது பக்கத்து ஊர் மேருவிலிருக்கும் இந்த ஒரு கம்பெனிதான்.

தாளில் சொன்னபடி எக்ஸ்டெண்டரை ரவுட்டர் பக்கத்தில் செருகினாள். இரண்டிலும் இருந்த பொத்தான்களை அழுத்தினாள். விளக்குகள் சிமிட்டி, பச்சையாக நின்றன. இவ்வளவுதானா! பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் செருகினாள்.

விளக்கு சிவப்பானது. ஆனால் கைப்பேசியை எக்ஸ்டெண்டரின் புதிய வைஃபை பெயருக்கு மாற்றியதும் நாலு கோடுகளும் நிறைவாகத் தெரிந்தன. எதைத் தட்டினாலும் சக்கரம் சுற்றியது, ஒன்றும் திறக்கவில்லை. நிறைவாக இருக்கிறது, ஆனால் இல்லை. இது என்ன கணக்கு?

கணவன் கமலநாதனைக் கூப்பிட்டாள். அவன் செமினி ஊரில் தன் லோரியிலிருந்து சரக்கு இறங்கக் காத்திருந்தான்.

"பாஸ்வர்ட் சரியா போட்டியா?"

"போட்டேங்க. ஃபுல்லா காட்டுது. ஆனா ஓடல."

"ஃபுல்லா இருந்தா எப்படி ஓடாம இருக்கும்?"

"அதைத்தானே நான் கேக்குறேன்!"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருலா."

செய்து பார்த்தாள். சிவப்புதான். நிமிர்த்தி, சாய்த்து, கட்டில் பக்கத்து பிளக்குக்கு மாற்றி, எல்லாம் செய்தாள். மணி இரண்டே கால். மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லை என்று தோன்றியது. கண் கலங்கியது.

எக்ஸ்டெண்டரின் பின்னால் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. படிக்க வெளிச்சம் போதாமல், ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவிலிருந்த அடுக்களைக்கு எடுத்துப் போனாள். ஒன்றும் புரியாமல், சும்மா அங்கிருந்த பிளக்கில் செருகிவைத்தாள்.

பச்சை.

பின்னறைக்குக் கொண்டுபோனாள். சிவப்பு. மறுபடி அடுக்களை. பச்சை. நின்று யோசித்தாள். பின்னறைக்கு வைஃபை எட்டாது என்றால், அங்கே வைத்த இதற்கும் எட்டாதுதானே? கைப்பேசியோடு இது நன்றாகப் பேசியது. ரவுட்டரோடுதான் பேச முடியவில்லை. அதனால்தான் நாலு கோடா? அப்படித்தான் இருக்க வேண்டும். உறுதியாகத் தெரியவில்லை. அடுக்களையிலேயே விட்டாள்.

மூன்று மணிக்குப் பின்னறையில் உட்கார்ந்தபோது திரையில் இந்துஜா வந்தாள். சின்னப் பெண், ஆள் எடுக்கும் அதிகாரி. பத்து நிமிடம் நன்றாகப் போனது. பிறகு இந்துஜாவின் முகம் வாய் திறந்தபடியே உறைந்தது. கைப்பேசி தானாகவே ரவுட்டரின் பழைய வைஃபைக்குத் தாவியிருந்தது.

மலர் அடுக்களைக்கு ஓடினாள்.

"ஹலோ, கேக்குதா? மன்னிச்சுக்குங்க, லைன் போயிடுச்சு. இப்ப கிச்சன்ல நிக்கிறேன்."

"பரவால்ல அக்கா, எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான்," என்று இந்துஜா சிரித்தாள். "சரி, ஒரு லோரி துறைமுகத்துல மாட்டிக்கிச்சு, கஸ்டமர் கத்துறாரு. என்ன செய்வீங்க?"

அதற்கு மட்டும் மலருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. யாரை முதலில் கூப்பிட வேண்டும், கஸ்டமரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று நின்றபடியே அடுக்கிக்கொண்டு போனாள். இந்துஜா எழுதிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை மின்னஞ்சல் வந்தது. திங்கள் முதல் வேலை. இரண்டு முறை படித்துவிட்டுக் கமலநாதனிடம் நீட்டினாள். அவன் அவள் தோளை அழுத்திப் பிடித்தான்.

"அன்னைக்கு அந்த வைஃபையை எப்படித்தான் சரி பண்ணே?"

"உண்மையச் சொல்லவா? பாதிதாங்க புரிஞ்சது," என்றாள் மலர்.