ரெண்டு குழாய் ரத்தம்

ஹேவோன் தங்கை சோராவின் மணிக்கட்டைப் பிடித்து லிஃப்டுப் பக்கம் இழுத்தாள். இருவருக்கும் கறுப்புத் துக்க உடை, தலையில் வெள்ளை ரிப்பன். பின்னால், ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து அஞ்சலிக் கூடத்தில், சாமந்திப் பூக்களுக்கு நடுவே அம்மாவின் படம் இருந்தது. பிற்பகலில் உடலைப் பெட்டியில் வைப்பார்கள். ரத்தம் எடுக்கும் அறை அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில்.

"அக்கா, விடு. இந்தக் கோலத்துல மேல போனா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"அம்மா செத்துட்டாங்கன்னு நெனப்பாங்க. நெசந்தானே."

"நாளைக்கி எல்லாம் முடியட்டும். அப்புறம் வரேன்."

"முடிஞ்ச கையோட நீ பூசான் பஸ்ல ஏறிடுவ. உன்னை எனக்குத் தெரியாதா?"

சோரா மணிக்கட்டை உருவப் பார்த்தாள்.

அம்மா போக்ரே, குவாங்ஜு சந்தை வாசலில் பெண்களுக்கு முடி சுருட்டிவிடும் கடை வைத்திருந்தவள். வருஷம் தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள். எல்லாம் சரியாக இருப்பதாகவே சொன்னார்கள். வயிறு உப்பியபோது வாயு என்றாள். ஸ்கேனில் பார்த்தபோது சூலகத்தில் தொடங்கிய புற்றுநோய் குடல்வரை போயிருந்தது. பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு, மகள்கள் ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். பெரியம்மாவும் இப்படித்தான் வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு அதற்கு யாரும் பெயர் சொல்லவில்லை.

இந்த நோயை முளையிலேயே காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையைத் தேடி இங்கே ஒரு ஆராய்ச்சி நடந்தது. சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் அம்மா அதற்கும் ஒரு குழாய் ரத்தம் கொடுத்தாள். நேற்றுக் காலையிலும் நர்ஸ் வந்தாள். நரம்பு அகப்படவில்லை.

"போதும், விட்டுடுங்க. இனிமே இதால அவங்களுக்கு என்ன ஆகப்போவுது?" என்றாள் ஹேவோன்.

கண்ணை மூடிக் கிடந்த அம்மா மறுகையை நீட்டினாள். "எனக்காடி எடுக்குறாங்க? இந்தப் பக்கம் பாரு, நர்ஸம்மா. ஊர்த் தலையெல்லாம் சுருட்டின கை, ஒரு ஊசிக்கா பயப்படப்போவுது?"

மதியம் உயிர் பிரிந்தது.

"நீ அந்த டெஸ்ட் எடுத்துட்டியா?" என்று லிஃப்டு வாசலில் கேட்டாள் சோரா.

"எடுத்தேன்."

"என்ன வந்துச்சு?"

ஹேவோன் லிஃப்டின் பொத்தானையே பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் வாயில் வராமல் நின்ற வார்த்தை அது. "எனக்கு அது இல்ல."

"அப்ப எனக்குத்தான்."

"லூசு. அம்மா வீடா அது, நான் வேணாம்னா உனக்கு வர்றதுக்கு? அவங்கவங்களுக்குத் தனித்தனி. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்."

"இருந்துச்சுன்னா?"

"கொழந்த பெத்துக்க. அப்புறம் சூலகத்தை எடுத்துடலாங்குறாங்க. அம்மாவுக்கு அந்த வழியே இல்லாமப் போச்சு."

"நீ சொல்லுவ. உனக்குத்தான் இல்லையே."

ஹேவோனின் பிடி தளர்ந்தது. லிஃப்டின் கதவு திறந்தது. அவள் இழுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. கதவு மூடப்போகிற நேரத்தில் சோரா தானாக உள்ளே காலெடுத்து வைத்தாள்.

டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். ரத்தம் எடுக்கிறவள் வெள்ளை ரிப்பன்களைப் பார்த்ததும் எழுந்து தலை தாழ்த்தினாள். ரெண்டு குழாய். ஊசி ஏறும்வரை சோரா சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"ஆராய்ச்சிக்கு எது?" என்று கேட்டாள் சோரா.

"இந்தச் சின்னது."

"பத்தலேன்னா இன்னும் எடுத்துக்கோங்க."

கீழே கூட்டம் சேர்ந்திருந்தது. மோக்போவிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகள் மியோங்ஹீ, காரமான மாட்டிறைச்சி சூப்பில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் எங்கடி காணாமப் போனீங்க?"

சோரா எதிரில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிப் பஞ்சைக் காட்டினாள். "சாப்பிட்டு முடிங்க அக்கா. அடுத்து நீங்க."

"எனக்கு எதுக்குடி? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"அம்மாவும் நல்லாத்தான் இருந்தாங்க. பெரியம்மாவும்."

மியோங்ஹீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஹேவோனைப் பார்த்தாள்.

ஹேவோன் எழுந்து போய், வாசலில் குவிந்து கிடந்த காலணிகளுக்குள் மியோங்ஹீயின் ஜோடியைத் தேடி எடுத்து, போட்டுக்கொண்டு நேரே கிளம்புவதற்கு வாகாக, வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தாள்.