இரண்டு ஓட்டை போட்ட பேரீச்சம்பழ டப்பா

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் கையாலாகாத்தனத்தில். என் மேசைமேல் நானே பற்றவைத்து முடித்த ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதில் செருகிக் கேட்க ஹெட்போன்தான் இல்லை. கையில் இருக்கிற காசுக்கு எதை வாங்குவது என்று விமர்சனங்களைப் படித்துப் படித்துக் கண் பூத்துவிட்டது. ஒருத்தர் ஆகா ஓகோ என்கிறார். அடுத்தவர் அதையே தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறார். சரி, நமக்குத்தான் துப்பில்லை, ஒரு ஆளை உருவாக்கி அவர் தலையில் கட்டிவிடுவோம், அவர் எதை வாங்குகிறாரோ அதையே நாமும் வாங்கிக்கொள்வோம் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதுகிறவனுக்கு இந்த வசதிகூட இல்லையென்றால் அப்புறம் என்னதான் இருக்கிறது?

ஆளுக்குப் பெயர் வாஜித். ஊர் திண்டுக்கல், பேகம்பூர். தோல் மண்டியில் ரகம் பிரிக்கிற வேலை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

சிறுமலையிலிருந்து இறங்கிய இளங்காற்று பேகம்பூர்ச் சந்துகளில் நுழைந்து…

அடச்சீ. காற்று இறங்கிக் கதை ஆரம்பித்ததெல்லாம் போதும்.

இரண்டாவது:

ஏழாவது ரெசிஸ்டரைப் பற்றவைக்கும்போது வாஜித்தின் கை லேசாக

இந்த வரியை முடிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

மூன்றாவது: ‘வாஜித் வீட்டில் பாட்டு நின்றுபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது.’

இது நிற்கட்டும். இதில் ஒரு வீடு இருக்கிறது, ஒரு குறை இருக்கிறது. பாட்டு ஏன் நின்றது? மகள் பாஸிலா பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனாள். பள்ளி திறந்த அன்றே வாஜித் கூடத்து ஸ்பீக்கருக்குத் துணி போட்டு மூடிவிட்டார். பாஸிலா ஒன்றும் அதைக் கேட்கவில்லை. பரீட்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அத்தாவும் அம்மாவும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

ஸ்பீக்கர் போனதில் வாஜித்துக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் போய்விட்டது. அவர் மனைவி ரஃபியா டீக்கடைகளுக்குச் சமோசா மடித்துக் கொடுப்பவர். பாட்டு ஓடினால் மாவைத் தேய்த்துக்கொண்டே கூடப் பாடுவார், வாய்க்குள்ளேயே. பாட்டு நின்றதும் அதுவும் நின்றது. வாஜித்துக்கு அந்தப் பாட்டு வேண்டும். நேராகக் கேட்க வெட்கம். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்கு அப்புறம் ‘கொஞ்சம் பாடேன்’ என்று எந்த மனுசன் கேட்பான்?

ஆகவே, பிள்ளைக்குக் கேட்காமல் ஹெட்போனில் பாட்டை ஓடவிட்டால் ரஃபியா தானாகப் பாடுவார் என்று கணக்குப் போட்டு, அவர் ஆம்ப்ளிஃபயர் செய்ய ஆரம்பித்தார்.

3

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். தோல் மண்டிக்காரர் ஆம்ப்ளிஃபயர் செய்வாரா? செய்வார். எவன் வேண்டுமானாலும் செய்யலாம். படத்தைப் பார்த்துப் பற்றவைக்க வேண்டியதுதான். நானே செய்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.)

பெரிய சந்தேகம் ரஃபியாவைப் பற்றித்தான். முதல் பிரதியில் அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ‘இதெல்லாம் சோறு போடுமா?’ என்று கேட்டார். புருஷன் கனவு காண்பான், பெண்டாட்டி தடுப்பாள். எத்தனை தடவை அரைத்த மாவு! எழுதிய கையோடு அடித்துவிட்டேன். மறுபடி எழுதியபோது அவரே பேரீச்சம்பழம் வந்த தகர டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

“இந்தாங்க, உங்க சாமானுக்கு வீடு. ஓட்டை மட்டும் ரெண்டாப் போடுங்க.”

“ரெண்டு எதுக்கு?” என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார் வாஜித்.

“ஏன், நான் கேக்க வேணாமாக்கும்? நீங்க மட்டும் தலையில மாட்டிக்கிட்டு ஆடுவீங்க, நான் வேடிக்க பாக்கணுமா?”

வாஜித்துக்கு வாயெல்லாம் பல். உடனே இரண்டு ஓட்டை போட்டார். போட்ட பிறகுதான் உறைத்தது: ஒதுக்கிய காசுக்கு உருப்படியான ஹெட்போன் ஒன்றுதான் வரும். இரண்டு என்றால் இரண்டும் சொத்தையாகத்தான் வரும்.

4

ஜெரோம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிவி, செல்போன் பழுது பார்ப்பவர். வாஜித்துக்குச் சோல்டரிங் அயர்னை இரவல் கொடுத்த புண்ணியவான். டப்பாவை அவர் கடைக்கே தூக்கிக்கொண்டு போனார் வாஜித்.

முதலில் ஒரு சின்ன ஹெட்போனை மாட்டிப் பார்த்தார்கள். பாட்டுக்குப் பின்னால் உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருந்தது.

“இதுக்குக் காது ரொம்பக் கூர்மை, பாய்,” என்றார் ஜெரோம். “ஓம், அதான் ரெசிஸ்டன்ஸு, கம்மி. உங்க டப்பா மூச்சு விட்டாக்கூடக் காட்டிக்குடுத்துரும். ஓம் கூடுனதாப் பாத்து மாட்டுனா இரைச்சல் அமுங்கிரும்.”

அடுத்தது ஓம் கூடியது. பின்பக்கம் சல்லடை வைத்தது. இரைச்சலே இல்லை. பாட்டு தலையைச் சுற்றி விரிந்தது. இதுதான் அந்த உருப்படியான ஒன்று, ஒதுக்கிய காசை முழுசாக விழுங்குவது. ஒரு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள் என்று கொடுத்தார் ஜெரோம். வாஜித் கூடத்தில் உட்கார்ந்து செத்த நேரம்தான் கேட்டிருப்பார். உள்ளறையிலிருந்து பாஸிலா குரல் கொடுத்தாள்.

“அத்தா, ஒன்னு பாட்ட முழுசாக் கேளுங்க, இல்ல ஆஃப் பண்ணுங்க. அந்த ரெண்டாவது சரணத்தையே எம்புட்டு நேரம் போடுவீங்க?”

சல்லடை வழியாகப் பாட்டு வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்தார். கொடுக்க மனசே வரவில்லை.

* வாசகருக்கு: நானும் இந்தச் சல்லடை வைத்ததைத்தான் வாங்கலாம் என்றிருந்தேன். என் வீட்டில் பரீட்சைப் பிள்ளை இல்லை. ஆனாலும் வாஜித்துக்கு இல்லாதது எனக்கு எதற்கு என்று ஒரு ரோசம்.

5

இனி வருவது தோல்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ஜெரோம் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். ஒரே மாதிரி இரண்டு ஹெட்போன். ஓம் கூடியது, பின்பக்கம் முழுக்க மூடியது. காதில் அழுந்துகிற மெத்தை இரண்டிலும் உரிந்து, தொட்டால் கருகிய அப்பளம் மாதிரி உதிர்ந்தது. அதனாலேயே யாரும் சீந்தாமல் கிடந்தன. ஒன்றின் காசுக்கு இரண்டும் கிடைக்கும். வாஜித் அந்த மெத்தையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார்.

“ரெக்ஸின்! இதையெல்லாம் ஒரு மனுசன் காதுல வைக்கலாமா?”

“பாய், மொதல்ல சத்தம் எப்படின்னு கேளுங்க.”

“காதுல படுறது தோலு, ஜெரோமு. தோலு நல்லாருந்தா மத்ததெல்லாம் தன்னால வரும். நீ கட்டு, நான் எடுத்துட்டுப் போறேன்.”

பாட்டைக் கேட்காமலே ஹெட்போன் வாங்கிய ஆளை நான் பார்த்ததில்லை. எழுதிய எனக்கே பக்கென்றது. ஆனால் தடவிப் பார்த்து ரகம் சொல்கிற கை அவருடையது. அதை மீறி அவரைக் காதால் வாங்க வைத்தால் அவர் வாஜித்தாக இருக்க மாட்டார், நானாகத்தான் இருப்பார்.

மண்டியிலிருந்து மெதுமெதுவென்ற செம்மறித்தோல் துண்டுகளை வாங்கிவந்து, உள்ளே நல்ல கனமாகப் பஞ்சு வைத்து, நான்கு மெத்தை தைத்தார். தையல் கண்ணுக்கே தெரியவில்லை. ரஃபியா ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, “குட்டிக்குத் தலவாணி கணக்கா இருக்கு,” என்றார். வாஜித் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

6

ஒரு வெள்ளிக்கிழமை. மண்டிக்கு லீவு. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்தார். ரஃபியா டீ போட்டு வைத்திருந்தார். பாஸிலா உள்ளே இயற்பியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவின் இரண்டு ஓட்டையிலும் இரண்டு ஒயரைச் செருகி, இரண்டு பேரும் தலையில் மாட்டிக்கொண்டார்கள்.

பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மெத்தையை மாற்றினால் சத்தமும் மாறும் என்று வாஜித்துக்கு யார் சொல்வது? (நான் சொல்லியிருக்கலாம். அப்புறம் கதை ஏது?) மத்தளம் திமுதிமுவென்று இடித்தது, குரல் அடியில் மாட்டிக்கொண்டது. போதாததற்கு அந்தத் தடித்த தோல் வெளிச்சத்தத்தை அடியோடு அடைத்துவிட்டது.

“நல்லாருக்குல்ல?” என்று கத்தினார் வாஜித்.

“என்னாது?” என்று கத்தினார் ரஃபியா.

“நல்லாருக்கான்னேன்!”

“டீ ஆறுது, குடிங்க!”

இப்படியே இரண்டு பேரும் தெருவுக்கே கேட்கிற மாதிரி குசுகுசுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்திலிருந்து எனக்கு மூன்று வழி தெரிந்தது. ஒன்று: வாஜித் மெத்தையைப் பிரித்துப் பஞ்சைக் குறைக்கிறார், பாட்டு தெளிகிறது, சுபம். சிக்கனக்காரர்கள் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குச் சப்பென்றிருந்தது. இரண்டு: வாஜித் மறுநாள் ஜெரோம் கடைக்குப் போய் இரண்டையும் கொடுத்துவிட்டு அந்தச் சல்லடை ஹெட்போனை

இல்லை. அப்புறம் டப்பாவில் ஒரு ஓட்டை சும்மா கிடக்கும். அது என்னால் முடியாது.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. எழுதும்போது அதுவாக நடந்தது.

7

ரஃபியா கண்ணை மூடிக்கொண்டார். வாஜித் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

பாடுகிறார்! ஒரு வருடமாக ஏங்கிய பாட்டு, கை எட்டுகிற தூரத்தில் நடக்கிறது. இவர் காதில் கிணறும் மத்தளமும்தான். தானே தைத்த தோல் தன் காதையே அடைத்துவிட்டது.

வாஜித் மெதுவாக ஹெட்போனைக் கழற்றினார்.

வாய்க்குள்ளே இல்லை, முழுக் குரலில் பாடிக்கொண்டிருந்தார் ரஃபியா. தன் குரல் தனக்கே கேட்காததால் சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். வாஜித்துக்குச் சிரிப்பு வந்தது. அம்புட்டு சந்தோஷம்.

பாஸிலா புத்தகத்தோடு வந்து கதவோரம் நின்றாள்.

“என்னத்தா இது? ஸ்பீக்கரே தேவலாம் போலயே!”

அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அத்தா மடியிலிருந்த ஹெட்போனை எடுத்து, ஓட்டையிலிருந்து ஒயரை உருவிவிட்டுத் தன் தலையில் மாட்டினாள். அவள் முகம் நிம்மதியில் அப்படியே தளர்ந்தது.

“யப்பா, ஒன்னுமே கேக்கல! இத நான் வச்சுக்கிறேன். நீங்க எம்புட்டு வேணாலும் பாடுங்க.”

ஒயரைத் தரையில் இழுத்தபடி உள்ளே போய்விட்டாள்.

இத்தனை நாள் யாருக்காக அவர் அமைதி காத்தாரோ, அந்தப் பிள்ளை அமைதியைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டது. ரஃபியாவுக்கு இது எதுவும் தெரியாது. கண் மூடியபடி பாடுகிறார். அந்த வீட்டில் இந்த நிமிடம் காது திறந்திருக்கிற ஒரே ஆள் வாஜித்.

நான் எதை வாங்குவது என்று கேட்கத்தான் அவரிடம் வந்தேன். இப்போது அவரைத் தொந்தரவு செய்ய மனசில்லை.

ஆனால் பாட்டு முடியப்போகிறது. ரஃபியா கண்ணைத் திறப்பார், பக்கத்தில் புருஷன் வெறுங்காதோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார். ‘ஏங்க கழட்டிட்டீங்க, நல்லா இல்லையா?’ என்று கத்துவார். உண்மையைச் சொன்னால் வெட்கப்பட்டு இனிமேல் வாயே திறக்காமல் போய்விடலாம். நல்லா இல்லை என்று சொல்லிச் சமாளித்தால் டப்பா பரணுக்குப் போகும், பாட்டும் கூடவே போகும்.

வாஜித் என்ன சொல்வார்? எனக்குத் தெரியவில்லை, சத்தியமாக. நீங்கள் அவரை இவ்வளவு நேரம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள், நீங்களே ஒரு வார்த்தை எடுத்துக்கொடுங்கள். அவசரமில்லை. கடைசிச் சரணம் இன்னும் பாக்கி இருக்கிறது, அதுவரை அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.