தண்ணீருக்கு வாடல் நோய்

உச்சி வெயிலில் தக்காளிச் செடி தலை தொங்கினால் தாகம். சாயங்காலமும் நிமிராவிட்டால் கவலைப்பட வேண்டும். தம்பியின் மூன்று பசுமைக் குடில்களில் ஒன்றில் சில செடிகள் நிமிரவே இல்லை. மூன்றிலிருந்தும் தண்டுகளை நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அக்காவின் ஆய்வகத்துக்கு வந்தான். வாடல் நோய்க் கிருமி உறுதியானால் குடிலோடு பிடுங்கி எரிக்க வேண்டும். காய் பழுக்கத் தொடங்கியிருந்த நேரம்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுக்கா."

"கொஞ்சமெல்லாம் பாக்க மாட்டேன். பாத்தா முழுசாத்தான்."

தண்டுச் சாற்றில் கிருமியின் மரபணு துளி இருந்தாலும் போதும், பிசிஆர் இயந்திரம் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கூடவே ஒரு குழாயில் வெறும் தண்ணீர் வைப்பாள் அக்கா. அதில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால் எங்கோ கலப்படம், சோதனை செல்லாது.

தெரிந்தது. செடியைவிடப் பளிச்சென்று.

"தண்ணிக்கே வாடல் நோயா? பாவம், அதையும் பிடுங்கி எரிச்சிரு."

"வாய மூடுடா."

புதுத் தண்ணீர், புதுக் குழாய்கள். மேசையெல்லாம் பிளீச்சிங் கரைசலால் துடைத்தாள். உதவியாளரை மட்டும்தான் அதில் முக்கி எடுக்கவில்லை. மறுபடியும் தண்ணீருக்கு நோய்.

"டாக்டர்கிட்டயாவது கூட்டிட்டுப் போக்கா."

அக்காவுக்குக் கோபம் வந்தால் சின்ன வயதிலிருந்தே மூக்கு வியர்க்கும். மூக்கு வியர்த்தால் கண்ணாடி வழுக்கும். மரபணு பெருகிய குழாய்களைத் திறந்து முடிவு பார்க்கும் அறையில், அவற்றைத் தொட்ட கையுறை விரலாலேயே கண்ணாடியை மேலே தள்ளினாள். பிறகு அங்கி, செருப்பு, கையுறை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, மருந்து கலக்கும் அறைக்குள் சுத்தபத்தமாக நுழைந்து, அதே கண்ணாடியை மறுபடி தள்ளினாள். அந்த விரலோடுதான் குழாயைத் திறந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற தம்பிக்குச் சட்டென்று விளங்கியது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. அவன் கிண்டலை நிறுத்தாமல் இருந்தாலே போதும். கோபம் வரும், மூக்கு வியர்க்கும், தண்ணீர் நோயில் படுக்கும். முடிவு வருவதற்குள் பழத்தைப் பறித்து விற்றுவிடலாம். அடுத்த கிண்டல்கூட நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

மூன்றாவது முறையும் தண்ணீர் பளிச்சிட்டது. அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான் வேலை மறந்துபோச்சு போல," என்றாள் உதவியாளரிடம்.

அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை. சண்டையில் தோற்றாலும் நடுவரைக் குறை சொல்லும் ரகம் அவள். நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கிவிட்டு ஜன்னலைத் தட்டினான்.

"அக்கா, தண்ணிக்கு ஒண்ணும் இல்ல. உன் கண்ணாடிக்குத்தான் நோய்."

அவள் கண்ணாடியைத் தொடப் போனாள். விரல் பாதியில் நின்றது. உதவியாளர் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"இத எப்படா கண்டுபிடிச்ச?"

"போன தடவையே."

"எரும! அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா என் தக்காளிய எரிச்சிடுவியே."

அக்கா அறைக்கு ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டு நான்காவது முறை தொடங்கினாள். தண்ணீர் இந்தத் தடவை தண்ணீராகவே இருந்தது.

"நடுக் குடில் போச்சு," என்றாள் வெளியே வந்து. "மத்த ரெண்டுலயும் இல்ல. இன்னும் நீ இழுத்தடிச்சிருந்தா மூணும் போயிருக்கும்."

"இதுக்கு நான் அழணுமா, சிரிக்கணுமா?"

"முதல்ல பிடுங்கு. மிச்சத்த வேலையோட வேலையா பாத்துக்கலாம். நில்லு, நானும் வரேன்."