தபால்காரரின் நடை

"இவ நடக்கலாமா டாக்டர்?"

"நடக்கட்டும். மெதுவா. ஆனா தனியா விடாதீங்க சார்."

டிரெட்மில் பரிசோதனையில் இ.சி.ஜி. கோடு ஓரிடத்தில் சற்றே கீழிறங்கியிருப்பதைக் காட்டி, போன மாதம் டாக்டரம்மா சொன்னது அது. மனைவிக்காகக் கேட்ட கணவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

வேலையில் இருந்தவரை அவர் தபால்காரர். நடை என்றால் அப்படியொரு நடை. கல்யாணமான நாளிலிருந்து கடைத்தெருவானாலும் விசேஷ வீடானாலும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் அவள் போய்ச் சேர்ந்தாள். "அக்கா, உன் எக்ஸ்பிரஸ் எந்த ஸ்டேஷனைத் தாண்டிடுச்சு?" என்று தங்கை கேலி செய்வாள். இவளும் சிரித்து வைப்பாள். கொஞ்சம் நின்று வரக்கூடாதா என்று கேட்டுவிட எத்தனையோ முறை வாய்வரை வந்ததுண்டு. தங்கமான மனுஷனிடம் இதையெல்லாம் ஒரு குறையென்று சொல்வதா என்று விழுங்கிவிடுவாள்.

இந்த ஒரு மாதமாக அதே மனிதர் அவள் தோளை ஒட்டி நடந்தார். மேடு பள்ளம் வந்தால் முழங்கையைப் பிடித்தார். நடக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுப்பார் என்பதே பக்கத்தில் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வந்தாலும் வந்தது, நல்ல நோய்தான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

இன்று அடுத்த பரிசோதனை. முதலில் படுக்கவைத்து இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டிரெட்மில்லில் ஏற்றி வேகத்தைக் கூட்டினார்கள்.

"நல்லா நடக்கறீங்களேம்மா! தினமும் வாக்கிங்கா?" என்று டெக்னீஷியன் பெண் கேட்டாள்.

இவை யார் பின்னால் ஓடிப் பழகிய கால்கள் என்று சொல்ல மூச்சு இடம் கொடுக்கவில்லை. இறக்கிய கையோடு இடப்பக்கமாகப் படுக்கவைத்து, துடிப்பு அடங்குமுன் அவசர அவசரமாக மறுபடி படம் எடுத்தார்கள்.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் அருகருகே ஓடவிட்டார். "ரத்தம் சரியா போகலைன்னா, நடந்து முடிச்சதும் அந்த இடத்து இதயச் சுவர் மட்டும் சோர்ந்துடும். இங்க பாருங்க சார், எல்லாப் பக்கமும் முன்னைவிட ஜோரா சுருங்குது. பெண்கள்ல சிலருக்கு அந்த இ.சி.ஜி. கோடு இப்படிப் பொய் சொல்றதுண்டு. பயப்பட ஒண்ணுமில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாதானே இருக்கா? நல்லாதானே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, டாக்டரையும் கும்பிட்டார், ஓடிக்கொண்டிருந்த படத்தையும் கும்பிட்டார்.

வெளியே வந்ததும், பாரம் இறங்கிய வேகத்தில் பழைய கால்கள் திரும்பிவிட்டன. "வா வா, உன் தங்கச்சிக்கு முதல்ல போன் போடணும்" என்றபடி அவர் நடைவழியில் போய்க்கொண்டே இருந்தார். முணுமுணுப்பு தேய்ந்து, கேட்காமல் போனது.

அவள் நின்றுவிட்டாள்.

வாசலின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தபோதுதான் அவர் திரும்பினார். முகம் வெளுத்தது. "என்னம்மா? வலிக்குதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்.

"இல்லீங்க. வலியெல்லாம் இல்ல."

அவர் முதுகுக்குப் பின்னால் கதவு மூடப் பார்த்து, மறுபடி திறந்துகொண்டது.

"வலி இல்லாட்டியும் என் பக்கத்துலயே நடங்க."