பாஸில் பார்த்த படம்

வெங்கடேசனும் அவன் மனைவி அம்சவள்ளியும் வருஷத்துக்கு இரண்டு படம்தான் பார்ப்பார்கள். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. இரண்டும் பெரிய நடிகர் படங்கள். கள்ளக்குறிச்சித் தியேட்டரில் மாதப் பாஸ் வந்ததும் அது மாறியது. சர்க்கரை ஆலையில் அரவை முடிந்திருந்ததால் கரும்பு டிராக்டர் ஓட்டும் வெங்கடேசனுக்கு வேலை கம்மி. எந்தப் படம் ஓடினாலும் போய் உட்கார்ந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் படத்தில் தெரிந்த முகமே இல்லை. அரங்கில் ஒன்பது பேர். லாரி டிரைவர் ஒருவன் வழியில் ஒரு ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போகிறான். வெங்கடேசன் பாதியிலேயே எழுந்தான்.

"தல வலிக்குது. போலாம்."

"நல்லாத்தான இருக்குது. இன்னா ஆவுதுன்னு பாக்க வாணாமா?" என்றாள் அம்சவள்ளி. அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

வெள்ளிக்கிழமை அம்சவள்ளி அவன் பாஸை எடுத்துப் பார்த்தாள். புதனுக்கும் வியாழனுக்கும் அதே படத்தின் முத்திரை இருந்தது.

"எனக்குத் தெரியாம அதே படத்துக்குப் போய்க்கினு இருக்கிறீங்க. இன்னா ஆச்சு?"

"முடிவு வரைக்கும் உக்கார முடியல" என்றான். பிறகு சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன், மார்கழிப் பனியில், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகையில் மணலூர்பேட்டைப் பக்கத்து வளைவில் ஒரு சைக்கிளை இடித்தான். ஆள் விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தான். நிறுத்தவில்லை.

"செத்துட்டாரா?"

"தெரியல. யார்கிட்ட கேப்பேன்?"

அவள் பாஸை மடித்து வைத்தாள். "நாளைக்குப் போய் கேக்கலாம்" என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். அந்த வளைவுக்குப் பக்கத்து டீக்கடையில் அம்சவள்ளிதான், ரெண்டு வருஷத்துக்கு முன் டிராக்டர் இடித்த சைக்கிள்காரரைப் பற்றி விசாரித்தாள். "சடையனத்தான கேக்குற? அதோ, அந்த வூடு" என்று கடைக்காரி கைகாட்டினாள். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்காமலே இருவரும் அந்த வீட்டுக்கு நடந்தார்கள்.

வாசலில் ஒரு பெரியவர் மடக்க முடியாத காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு இடிச்ச டிராக்டர்... நான்தாங்க ஓட்டினு போனேன்" என்றான் வெங்கடேசன்.

சடையன் கடலையைக் கீழே வைத்தார். "ரெண்டு மணி நேரம் ரோட்டுல கெடந்தேன்" என்றார். "ஸ்டேஷன்ல கேஸு அப்பிடியே கெடக்குது. அங்க போய் சொல்லு. அப்புறம் வந்து எங்கிட்ட பேசு."

ஸ்டேஷன் வாசலில் வெங்கடேசன் நின்றான். "நீ பஸ் ஏறு" என்றான்.

"இங்கியே இருக்கேன். போங்க."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.