முத்திரை வைத்த கைகள்

என் கையில் இருந்தது குளிர் வெடிப்பு. ஊருக்கே தொண்டை கிழியச் சொல்லிவிட்டேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

எங்கள் மடம் மலைமேல் இருக்கிறது. ஜனவரியில் தொட்டித் தண்ணீர் உறைந்து கிடக்கும். அதை உடைத்துத்தான் சோளக்களி அடிப்பிடித்த அண்டாவைத் தேய்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகச் சமையலும் நான்தான், தேய்ப்பதும் நான்தான். இந்த வருஷம் உள்ளங்கை இரண்டும் வெடித்து ரத்தம் கசிய, கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டேன். அது வெள்ளிக்கிழமை, ஆண்டவர் சிலுவையில் தொங்கிய கிழமை. என் போதாத காலம்.

பால்காரி நுன்சியாத்தா பார்த்துவிட்டாள். சிலுவையில் ஆண்டவர் பட்ட ஐந்து காயமும் புனிதர் அசிசி பிரான்சிஸ் உடம்பில் வரமாகத் தோன்றிய கதையைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்த சனம் நாங்கள். கன்னியாஸ்திரீ, கையுறை, ரத்தம், வெள்ளிக்கிழமை. வேறென்ன நினைப்பாள்?

"சிஸ்டர், ஆண்டவரோட காயமா?"

"பாத்திரத் தொட்டியோட காயம்டி. பால ஊத்து."

"பாத்தீங்களா, மறைக்கிறாங்க! நெசமா வரம் வாங்கினவங்க மறைக்கத்தான் செய்வாங்க."

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் தாழ்ச்சி. துடைப்பத்தைத் தூக்கினேன், சிஸ்டர் சாத்தானோடு போராடுகிறார் என்றார்கள். ஞாயிறு பூசைக்குள் வாசலில் நூறு பேர். ஒரு புண்ணியவதி என் சமையல் அங்கியின் நுனியைக் கத்தரித்தே கொண்டுபோய்விட்டாள்.

விசாரிக்கச் சொல்லி ஆயர் ஒருவரை அனுப்பினார். ஃபாதர் பால்தெல்லி, சிரித்தால் சம்பளம் பிடிப்பார்களோ என்று பயந்தவர் மாதிரி ஒரு முகம்.

"வெறும் வெடிப்பு சாமி."

"அத நீங்க முடிவு பண்ணக்கூடாது சிஸ்டர். மருந்து போட்டுக் கட்டி, அரக்கு முத்திரை வைப்போம். ஏழு நாள்ல ஆறினா சாதாரணப் புண்."

"ஆறலேன்னா?"

"சனம் கூடாத தூரத்து மடம். தனி அறை. ஆளு, அடுப்பு எதுவும் கிடையாது."

அந்த அடுப்பங்கரைதான் என் உலகம். முழங்காலில் விழுந்து, ஆற வையும் ஆண்டவரே என்று அழுதேன். இந்தக் காயத்தை வரமாகக் கேட்டு வாங்கிய புனிதர்கள்மேல் கோபம்கூட வந்தது.

"அவங்க ஏன் மதர் அதப் போய்க் கேட்டாங்க?" என்று மடத்துத் தலைவியிடமே கேட்டேன்.

"அடுத்தவங்க வலியில கொஞ்சம் நம்ம வாங்கிக்கலாம்னுதான்."

"எனக்கு என் வலியே போதும், மதர்."

ஏழு நாளும் கை இரண்டும் பஞ்சு மூட்டை. மூக்கு அரித்தால் சுவரில் தேய்த்துக்கொண்டேன். எட்டாம் நாள் காலை சாமி முத்திரையை உடைத்தார். குழந்தைக் கை போல உள்ளே பளபளவென்று இருந்தது. 'இயற்கையான புண்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் நுன்சியாத்தா கத்துவது கேட்டது. "ஏழே நாள்ல ஆறிடுச்சாம்! புதுமை! ஆண்டவரோட அற்புதம்!"

தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடினேன். தொட்டியருகே சிஸ்டர் லிபராத்தா நின்றார். எழுபத்திரண்டு வயசு. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் அங்கிக்குள் ஒளித்தார். பிடித்து இழுத்தேன். உள்ளங்கை இரண்டும் வெடித்து, தொட்டித் தண்ணீரே சிவந்திருந்தது.

"ஒண்ணுமில்ல ஒர்தென்சியா. உனக்கு ஆறணும்ல."

என் கை ஆறவேண்டும் என்று மட்டும்தான் ஏழு நாளும் கேட்டேன். பாத்திரத்தை யார் தேய்க்கிறார்கள் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. வெட்கத்தில் செத்தேன். அவரை அடுப்புப் பக்கம் உட்காரவைத்து, என் கையைத் தொட்டியில் விட்டேன்.

"சிஸ்டர்! மறுபடி வெடிச்சிடும்!" வாசற்படியில் ஃபாதர் பால்தெல்லி.

"வெடிக்கட்டும் சாமி. யாரு கையாவது வெடிச்சாத்தான் இந்த வீட்டுல பாத்திரம் சுத்தமாகும்."

அவர் லிபராத்தாவின் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அங்கியின் கைகளை முழங்கை வரை மடித்து, என் கையிலிருந்த அண்டாவை வாங்கிக்கொண்டார்.

மனுஷனுக்குத் தேய்க்கவே தெரியவில்லை. திட்டித் திட்டி மூன்று முறை தேய்க்க வைத்தேன்.